சதுரங்கச் செய்நிரல் எழுத நான்கு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை மாலைகளில் இரண்டு மூன்று சதுரங்கப் பலகைகள் விரியும். பத்திரிகை படிக்க வந்தவர்கள் பலகைக்கு மேலாகக் குனிந்து பார்த்து, கேட்காமலே ஆலோசனையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கேதான் ஒரே மாதத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பையன். மற்றவர் வங்கியில் வேலை செய்பவர். இரண்டு பிள்ளைகள் உறங்கிய பிறகு, இரவு ஒன்பதரைக்குத்தான் மடிக்கணினி அவர் கைக்கு வரும். சதுரங்கம் ஆடும் செய்நிரல் ஒன்றைத் தாங்களே எழுத வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. எந்த மொழியில், எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் சிக்கல்.

நான் வல்லுநன் அல்ல. ஒரு போட்டியில் பாதிப் புள்ளிகள் எடுத்தாலே அன்றைக்கு நன்றாக உறங்கும் ஆட்டக்காரன். ஆனால் இந்த வழியில் ஒருமுறை விழுந்து, மறுமுறை எழுந்தவன். முதலில் சி பிளஸ் பிளஸில் அடியிலிருந்து தொடங்கி நான்கு மாதத்தில் வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். பிறகு பைதனில் எழுதி, அது ஓடிய தெம்பில் பழையதைத் தூசி தட்டி முடித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிமையான எதிராளி வேண்டும் என்பதற்காக எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம். 1997 இல் உலகச் சாம்பியன் கஸ்பரோவை 3½–2½ என்று வென்ற டீப் புளூ, அலுமாரி அலுமாரியாக நின்ற இயந்திரம். அதைவிட வலிமையான ஸ்டொக்ஃபிஷ் என்ற சதுரங்கச் செய்நிரல் இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்களும் நானும் மாலை நேரங்களில் எழுதப்போகும் எதுவும் அதன் கால்தூசிக்கு வராது. எழுதுவதற்குரிய காரணம் வேறு: சதுரங்கத்தைப் பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்பதை எண்களாக எழுதி, அந்த நம்பிக்கை பலகையில் என்ன பாடுபடுகிறது என்று உட்கார்ந்து பார்ப்பது. இந்த நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது அந்தத் தராசில்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எந்தச் சதுரங்கச் செய்நிரலுக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. விதிகளின்படி நகர்த்தல்களை உருவாக்கும் பகுதி ஒன்று. "நான் இப்படி ஆடினால் அவர் எப்படி ஆடுவார்" என்று முன்னோக்கிப் பார்க்கும் தேடல் இரண்டாவது. தேடல் நிற்கும் இடத்தில் நிலை யாருக்கு நல்லது என்று புள்ளி போடும் மதிப்பீடு மூன்றாவது. 1950 இல் கணிதவியலாளர் குளோட் ஷனன் சதுரங்கச் செய்நிரல் பற்றி எழுதிய கட்டுரையிலேயே தேடலும் மதிப்பீடும் தெளிவாக இருக்கின்றன. 1952 இல் கணினி முன்னோடி அலன் டூரிங் தன் செய்நிரலை ஓட்டத் தகுந்த இயந்திரம் இல்லாமல், தாளில் தானே கணக்குப் போட்டு அலிக் கிளெனி என்பவரோடு ஒரு முழு ஆட்டம் ஆடினார், ஆடித் தோற்றார். ஆகவே "என் மடிக்கணினி பழையது" என்ற சாட்டு செல்லாது.

இதை மனதில் வைத்து நான் கேட்கும் கேள்விகள்: முதல் முழு ஆட்டம் ஆட எவ்வளவு காலம்? வழு, அதாவது செய்நிரலில் உள்ள பிழை, தேடுவதில் எவ்வளவு காலம் போகும்? ஒரு மாற்றம் நன்மையா தீமையா என்று சோதிக்க எவ்வளவு கணினி நேரம் வேண்டும்? சதுரங்கம் பற்றி அது எதைக் கற்றுத்தரும்?

| வழி | முதல் ஆட்டம் | வழு தேடும் பாடு | சோதனை நேரம் | சதுரங்கப் பாடம் |
|---|---|---|---|---|
| பைதனும் ஆயத்தத் தொகுப்பும் | ஒரு வார இறுதி | குறைவு | மிக அதிகம் | உடனடியாக |
| சி பிளஸ் பிளஸில் அடியிலிருந்து | இரண்டு மூன்று மாதம் | மிக அதிகம் | குறைவு | தாமதமாக |
| ஸ்டொக்ஃபிஷைத் திருத்துதல் | அன்றே | புரிவதே பாடு | அளவில்லை | அநேகமாக இல்லை |
| உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் | ஒன்றிரண்டு வாரம் | நடுத்தரம் | நடுத்தரம் | ஓரளவு |

## பைதனும் ஆயத்தத் தொகுப்பும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்தவர்களுக்குப் பைதன் அறிமுகமான மொழி. சதுரங்க விதிகள் முழுவதையும் எழுதிவைத்த பைதன்-செஸ் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. (இப்படிப்பட்டதை 'நூலகம்' என்று மொழிபெயர்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை இவ்வளவு இலேசாக எடுத்தாள எனக்கு மனம் வரவில்லை.) எந்த நகர்த்தல் செல்லும், ராஜா செக்கில் நிற்கிறதா, ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டதா என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். நீங்கள் எழுத வேண்டியவை தேடலும் மதிப்பீடும் மட்டும். வெள்ளி இரவு தொடங்கினால் ஞாயிறு மாலை அது உங்களோடு ஆடும். மூடத்தனமாக ஆடும், ஆனால் விதி பிசகாது.

அந்த மூடத்தனத்தில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. எனக்குச் சதுரங்கம் பழக்கியவர் மாமா. தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பழக்கினார். "குதிரையை ஓரத்தில் கட்டாதே" என்பது அவர் ஓயாமல் சொன்ன பாடம். காலாளுக்கு 100, குதிரைக்கு 320, மந்திரிக்கு 330, கோட்டைக்கு 500, ராணிக்கு 900 என்று பலரும் தொடங்கும் எளிய மதிப்பீடு ஒன்று உண்டு. அதில் மூலைக் கட்டத்தில் நிற்கும் குதிரைக்கு 50 புள்ளி கழிப்பார்கள், பலகையின் நடுவில் நின்றால் 20 கூட்டுவார்கள். மாமாவின் பாடம் அப்படியே எண்ணாக அங்கே நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அதோடு நிற்காமல் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். செக் சொல்வது நல்லதுதானே என்று ஒவ்வொரு செக்குக்கும் 30 புள்ளி கொடுத்தேன். செய்நிரல் எட்டாவது நகர்த்தலில் ராணியை வெளியே எடுத்து, செக், செக் என்று என் ராஜாவைத் துரத்தத் தொடங்கியது. நான் ஒவ்வொரு செக்கையும் ஒரு காயை முன்னே கொண்டுவந்து மறைத்தேன். ஆறு செக் முடிந்தபோது என் காய்கள் எல்லாம் களத்தில் நின்றன; அதன் ராணி மட்டும் நடுத்தெருவில் தனியாக நின்றது. இந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். சனிக்கிழமைகளில் நான் ஆடும் ஆட்டம் அது.

இன்னொரு காட்சி: பாதுகாப்போடு நிற்கும் காலாளை ராணியால் வெட்டிவிட்டு, ஒரு காலாள் இலாபம் என்று கணக்குக் காட்டும். தேடல் அந்த இடத்தில் நின்றுவிடுவதால் அடுத்த நகர்த்தலில் ராணி போவது அதற்குத் தெரியாது. வெட்டுக்குத்து அடங்கும்வரை, வெட்டும் நகர்த்தல்களை மட்டும் தொடர்ந்து பார்க்கும் சிறிய தேடல் ஒன்றைக் கடைசியில் சேர்த்ததும் நோய் தீர்ந்தது. இருபது வரிகள்கூட இல்லை. அதற்குப் பிறகு நானே வெட்டுக்களைக் கடைசிவரை எண்ணிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இனி மறைந்திருக்கும் செலவு. பைதன் மெதுவானது. என் செய்நிரல் விநாடிக்குச் சில ஆயிரம் நிலைகளைத்தான் பார்த்தது. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் என்று வைத்தால், இரு பக்கமும் சேர்த்து நான்கு நகர்த்தல் ஆழத்துக்கு 15 இலட்சம் நிலைகள் வரும். பயனற்ற கிளைகளை வெட்டிவிடும் ஆல்பா-பீட்டா முறை, நல்ல நகர்த்தல்கள் முதலில் பார்க்கப்பட்டால், அதைச் சுமார் 2,450 வரை குறைக்கும். ஆகவே ஆடுவதற்கு வேகம் போதும். சோதிப்பதற்குத்தான் போதாது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று விநாடி, ஓர் ஆட்டத்துக்கு இரு பக்கமும் சேர்த்து எண்பது நகர்த்தல் என்றால் நான்கு நிமிடம். புதிய பதிப்பையும் பழைய பதிப்பையும் இருநூறு ஆட்டம் மோதவிட 13 மணி நேரத்துக்கு மேலாகும். 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் ஒரு நாளின் மின்வெட்டு அவ்வளவு நேரம் இருந்தது. அதன் முடிவில் புதியது 55 சதவீதப் புள்ளிகள் எடுத்திருந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். இருநூறு ஆட்டத்தில் ஏழு சதவீதம் இப்படியும் அப்படியும் போவது இயல்பு.

நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கும், தன் ஆட்டத்தின் குறைகளைக் கண்ணால் பார்க்க விரும்புபவருக்கும் இதுவே சரியான வழி.

## சி பிளஸ் பிளஸில் அடியிலிருந்து

பலகையை நீங்களே கட்ட வேண்டும். 64 கட்டங்களை 64 பிட் (0 அல்லது 1 ஆன இலக்கம்) கொண்ட ஒரே எண்ணாகக் கொள்ளும் பிட்போர்ட் முறைதான் வேகமானது. ஆனால் முதல்முறை எழுதுபவருக்கு நான் சொல்வது 120 இடங்கள் கொண்ட எண்வரிசையை, அதாவது அணியைத்தான். எட்டுக்கு எட்டுப் பலகையைச் சுற்றி, வளவைச் சுற்றிக் கிடுகு வேலி அடைப்பதுபோல, வெற்று இடங்களை அடைத்துவிடுவது. குதிரை இரண்டு வரிசை தாண்டும் என்பதால் மேலும் கீழும் இரண்டு வரிசை வேலி, பக்கங்களில் ஒவ்வொன்று. காய் வேலியில் முட்டினால் பலகை முடிந்துவிட்டது என்று பொருள். வேறு கணக்கு வேண்டாம்.

இந்த வழியில் நாட்களைத் தின்பது விதிகள்தான். கோட்டை கட்டுவதற்கு எத்தனை நிபந்தனைகள், காலாள் கடைசி வரிசைக்குப் போனால் நான்கு வகை மாற்றம், கூடவே ஆன் பாசான். இரண்டு கட்டம் பாய்ந்த காலாளை, ஒரு கட்டம்தான் நகர்ந்ததுபோல் எண்ணிப் பிடிக்கும் அந்த விதி பலகையில் எப்போதாவது வரும். செய்நிரலில் ஒவ்வொரு இரவும் வரும்.

சரிபார்க்க ஒரு நல்ல முறை இருக்கிறது. பெர்ஃப்ட் என்பார்கள். ஒரு நிலையிலிருந்து குறித்த ஆழம்வரை எத்தனை வழிகள் உண்டு என்று எண்ணி, உலகம் அறிந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். தொடக்க நிலையில் 20, 400, 8,902, 197,281, 4,865,609 என்று போகும். என் செய்நிரல் ஐந்து ஆழம்வரை அத்தனையையும் பிசகாமல் சொன்னது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம், சோதனைக்கென்றே வைத்திருக்கும் வேறொரு நிலையைக் கொடுத்தேன். காய்கள் குறைவு. வெள்ளைக் கோட்டை பி4 இல், கறுப்பு ராஜா எச்4 இல், இடையில் எஃப்4 இல் ஒரு கறுப்புக் காலாள். வெள்ளைக் காலாள்கள் இ2, ஜி2 இல் தொடக்க இடத்திலேயே நிற்கின்றன. இரண்டு ஆழத்துக்கு 191 வர வேண்டும். எனக்கு 193 வந்தது.

அந்த இரண்டைத் தேடிப் பதினொரு இரவுகள் போயின. நடந்தது இதுதான்: வெள்ளை இ4 என்று பாய்ந்தால், கறுப்பு அதை ஆன் பாசானில் பிடிக்கலாம் என்று என் செய்நிரல் எண்ணியது. பிடித்தால் இ4, எஃப்4 ஆகிய இரண்டு கட்டங்களும் ஒரே நேரத்தில் வெறுமையாகி, பி4 இல் நிற்கும் கோட்டை நேராக ராஜாவைப் பார்க்கும். ஆகவே அந்தப் பிடிப்பு செல்லாது. ஜி4 பாய்ச்சலிலும் அதே கதை. எந்தக் காய் ராஜாவுக்கு முன் கட்டுண்டு நிற்கிறது என்று கெட்டித்தனமாக முன்கூட்டியே கணக்கிட்டு நேரம் மிச்சம் பிடிக்கப் போனேன். ஒரே வரிசையில் இரண்டு காய்கள் ஒன்றாக மறைவது அந்தக் கணக்கில் அகப்படவில்லை. நகர்த்திப் பார்த்துவிட்டு, சொந்த ராஜா செக்கில் நிற்கிறதா என்று கேட்கும் மந்தமான முறையை எழுதியிருந்தால் இந்த வழு பிறந்தே இராது.

இவ்வளவும் கடந்தால் கிடைப்பது வேகம். விநாடிக்குப் பத்து இலட்சம் நிலைகள் என்பது இங்கே பெரிய காரியமல்ல. நகர்த்தலுக்குப் பத்தில் ஒரு விநாடி கொடுத்தாலே ஒழுங்காக ஆடும் என்பதால், பைதனில் 13 மணி நேரம் எடுத்த அந்த இருநூறு ஆட்டங்கள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து முடிவைப் பார்க்கலாம்.

செய்நிரலாக்கமே பிடித்தவர்களுக்கு, நாள் முழுவதும் கையில் உள்ளவர்களுக்கு இது ஏற்றது. சதுரங்கம் மட்டும் பிடித்தவர்கள் இதில் இறங்கினால் முதல் ஆட்டம் ஆடும் முன்பே சலித்துவிடுவார்கள். நான் சலித்தேன்.

## ஸ்டொக்ஃபிஷைத் திருத்துதல்

"மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது, அதை எடுத்து மாற்றினால் என்ன?" இதைக் கேட்டவர் வங்கிக்காரர். கேள்வி நியாயமானது, பதில்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

2020 இல் வந்த 12 ஆம் பதிப்பில், முதலில் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக உருவான ஒரு வகை நரம்பு வலையமைப்பை (ஏராளமான நிலைகளைக் காட்டிப் பழக்கும் கணக்கீட்டு முறை) ஸ்டொக்ஃபிஷ் தன் மதிப்பீட்டுக்குச் சேர்த்துக்கொண்டது. 2024 இல் வந்த 16.1 பதிப்பில், மனிதர்கள் கையால் எழுதிய பழைய மதிப்பீடு முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. இன்று அதைத் திறந்து, தனித்து நிற்கும் காலாளுக்கு எத்தனை புள்ளி கழிக்கிறார்கள் என்று தேடினால் அப்படி ஒரு வரியே இராது. மாமாவின் பாடத்தை எழுதிவைக்க அங்கே இடமில்லை. அதன் தேடலில் ஓர் எண்ணை மாற்றினாலும், அது நன்மையா என்று அறியத் தன்னார்வலர்களின் கணினிகளில் பல்லாயிரம் ஆட்டங்கள் ஓடவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பது ஒரு மடிக்கணினியும் மின்சாரப் பட்டியலும்.

உரிமமும் ஒரு விடயம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனை மீறப்பட்டது என்று ஸ்டொக்ஃபிஷ் குழுவினர் 2021 இல் சதுரங்க மென்பொருள் விற்கும் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு அது இணக்கத்தில் முடிந்தது. பைதன்-செஸ் தொகுப்புக்கும் இதே வகை உரிமம்தான்.

வாசித்துப் படிக்க மட்டும் என்றால் 2020 ஜனவரியில் வந்த 11 ஆம் பதிப்பை எடுங்கள். முழுவதும் கையால் எழுதிய மதிப்பீடு கொண்ட கடைசிப் பதிப்பு அது.

## உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுதியதை மற்றவர்கள் கைப்பேசியில் தொட்டு ஆட வேண்டும் என்பதுதான் முதல் ஆசை என்றால் வேறு யோசனை வேண்டாம். எவரும் எதையும் நிறுவத் தேவையில்லை. விதிகளுக்கும் பலகைப் படத்துக்கும் ஆயத்தத் தொகுப்புகள் உண்டு. வேகம் பைதனைவிட நன்று. தேடலைத் தனியே பின்னணியில் ஓடவிடாவிட்டால், செய்நிரல் யோசிக்கும் நேரமெல்லாம் பக்கம் உறைந்து நிற்கும். பார்ப்பவர் கைப்பேசி பழுதாகிவிட்டது என்று நினைப்பார். 64 பிட் எண்களை இந்த மொழி வேகமாகக் கையாளாது என்பதால் பிட்போர்ட் ஆசையையும் விட்டுவிட வேண்டும்.

## எந்த வழியானாலும் வரும் ஒரு செலவு

உங்கள் செய்நிரலை மற்றச் செய்நிரல்களோடு மோதவிட, 2000 ஆம் ஆண்டில் உருவான யூ.சி.ஐ. என்ற பேச்சுமுறையை அது அறிந்திருக்க வேண்டும். எழுதுவது எளிது, சாதாரண எழுத்து வரிகள் போய் வருவதுதான். ஆனால் பதிலை அச்சிட்டவுடன் இடைத்தேக்கத்திலிருந்து (அனுப்பும் எழுத்துகள் தற்காலிகமாகத் தங்கும் இடம்) வெளியே தள்ளிவிட மறந்தால், செய்நிரல் பதில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும், பலகை மென்பொருள் பதில் வரவில்லை என்று காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க, நடுவில் நீங்கள் இரண்டு நாட்கள் தலையைச் சொறிவீர்கள்.

## இருவருக்கும் நான் சொன்னது

வங்கிக்காரரைப் பைதனில் தொடங்கச் சொன்னேன். மதிப்பீட்டை மட்டும் வேறொருவரிடமிருந்து எடுக்க வேண்டாம் என்றேன். இப்போது அவருடைய செய்நிரல் இரண்டு மந்திரிகளையும் விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுகிறது. அவரும் அப்படித்தான் ஆடுவார்.

பையனுக்குக் கையில் சில மாதங்கள் இருக்கின்றன, வழு பிடிப்பதில் பிடிவாதமும் இருக்கிறது. அவனை சி பிளஸ் பிளஸுக்கு அனுப்பினேன். ராஜா செக்கில் நிற்பதைக் கண்டுபிடிக்க மந்தமான முறையையே முதலில் எழுது என்று இரண்டு முறை சொன்னேன். கடந்த சனிக்கிழமை, நான் ஆடிக்கொண்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணை, தொடக்க நிலை எல்லாம் சரியாக வருகிறது. மற்ற நிலையில் மட்டும் 193 என்று வருகிறது."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"பி4 இல் நிற்கும் கோட்டையைப் பார், தம்பி" என்றேன்.